பெயரெச்சம்

துத்தநாகத் தகடு. நீள்வட்டம்.
நடுவே வரிசையாக மூன்று பிளவு,
பிஸ்கட்டில் ஒடிப்பதற்கென்று விட்ட கோடு போல.
ஆள் செத்தால் கீழ்ப்பாதியை ஒடித்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்.
மேல்பாதி கழுத்தோடு மண்ணுக்குப் போகும்.
இது ஒடியவில்லை.
ஒடிக்க ஆள் இல்லை,
அல்லது ஆளுக்கு நேரம் இல்லை.

சீலோ மேட்டில் கேபிளுக்குக் குழி வெட்டிய இடம் என்றான் வொல்ஃப்ஹார்ட்.
எலும்பு தனிப் பெட்டியில்.
காகிதப் பையில் இரண்டு பொத்தான், ஒரு சீப்பு.
பற்கள் முழுசாக இருந்தன,
அதிக நாள் எதையும் மெல்லாத பற்கள்.
மார்புப் பையில் இருக்க வேண்டிய சம்பளப் புத்தகத்தின்
அட்டைத் துணுக்குகூட இல்லை.
மக்கியிருக்கும் என்று எழுதினேன்.

வினிகர் ஆகாது, துத்தநாகத்தைத் தின்றுவிடும்.
வெதுவெதுப்பான தண்ணீர், பல் துலக்கும் பிரஷ்,
பிறகு விளக்கைத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தால்
எழுத்து தானாகத் தலைதூக்கும்:
பயிற்சிப் பட்டாளம் ஒன்று, எண் 1147, ரத்தம் ஓ.
பெயர் கிடையாது.
முந்தைய போரில் பெயரும் தெருவும்கூடக் குத்தினார்கள்.
இந்தப் போரில் எண்ணே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பட்டியலில் 1147:
ஆர்னோ தீமே. பிறப்பு 1925. சேர்ந்தது 43 ஏப்ரலில்.
ஊர் ஓடருக்குக் கிழக்கே;
போருக்குப் பிறகு அந்த ஊர் வேறு நாட்டில், வேறு பெயரில் இருந்தது.

முடிந்தது என்று பேனாவை மூடினேன்.
மூடியிருக்கக் கூடாது.
ஆர்னோ தீமே, தபால்காரர், செல்லே நகரம்,
1987 நவம்பரில் தன் கட்டிலில் தூக்கத்தில் இறந்தார்.
ஒரே மகள்.

ஹெல்கார்ட் தீமே செவ்வாய்க்கிழமை வந்தார்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
தகட்டைத் தொடாமல் குனிந்து வாசித்தார்.
ஓ-வா? அப்பா ஏபி. ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருக்கிறேன்.
முத்திரை குத்தினவன் அவசரத்தில் பிழை செய்வதுண்டு, என்றேன்.
உண்மைதான்.
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்தார்.
அதில் பதக்கம்: வட்டம், மேலே இரும்புத் தொப்பி,
சிவப்பு நாடாவின் நடுவே கறுப்பும் வெள்ளையும் மெல்லிய கோடாக.
கிழக்கின் முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்தது.
'உறைந்த இறைச்சி மெடல்' என்பார்கள் வாங்கியவர்களே.
41 குளிர். அப்போது ஆர்னோவுக்குப் பதினாறு வயது.
சந்தையில் இதைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள், என்றேன்.
திருப்பிப் பார்த்தேன். பதக்கத்திலும் பெயர் இல்லை.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல:
அப்பாவின் இடது கைக்கு அடியில், உள்பக்கம், ஒரு தழும்பு.
காபி கொட்டியதாம். நீச்சல் குளத்துக்கு வரவே மாட்டார்.

அங்கே ரத்தப் பிரிவைப் பச்சை குத்திக்கொண்டது எந்தப் படை,
தோற்ற வருஷத்தில் அதைச் சிகரெட்டால் பொசுக்கியவர்கள் யார்,
எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் வந்திருந்தார்.
இதற்கு என்னிடம் சந்தையும் இல்லை, அவசர முத்திரையும் இல்லை.

பெட்டியைப் பார்க்கலாமா என்றார். திறந்தேன்.
பத்தொன்பது, இருபது வயது. பெண் வாசனை அறிந்தானோ என்னவோ.
அவனுக்குப் பேர் சொல்ல ஒரு பிள்ளை,
அறுபத்தெட்டு வயதில், ஒரு சொட்டு ரத்தமும் ஒட்டாமல்,
எதிரே நின்று பல்லை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர் ஏட்டில் கையெழுத்துக் கேட்டேன்.
ஹெல்கார்ட் என்று எழுதினார்.
பேனா அங்கேயே நின்றது.
மை ஒரு புள்ளியாக ஊறியது.

பதக்கத்தை எடுத்துப்போகவில்லை.
விட்டுச்சென்ற பொருளைப் பதிய வேண்டும், அது விதி.
பதக்கம் ஒன்று, நாடாவுடன். உரியவர்:
முதல் குளிரில் நின்ற
குழியில் கிடந்தவனின் பையைத் துழாவிய
தன் தோலில் தானே சூடு வைத்த
முப்பது வருஷம் செல்லேயின் கதவுகளில்
ஒரு பெயரும் தப்பாமல் கடிதம் போட்ட
மகளுக்கு ஹெல்கார்ட் என்று பெயரிட்ட